வங்கு பார்க்கப் பழகியது

எலி பிடிக்கப் பழக வந்தவர் கையில் தாத்தா எடுத்ததும் மூங்கில் பொறியான கிட்டியைக் கொடுப்பதில்லை. மம்பட்டியும் கிடையாது. வெறுங்கையோடு வரப்பில் நடக்கச் சொல்வார். இலஞ்சிப் பக்கம் சிற்றாற்று வாய்க்கால் பாயும் வயக்காட்டில், ஒரு கார்ப் பூ முழுக்க நான் அவர் பின்னாலேயே நடந்தேன். "எம்மா, கண்ணு கதிர்ல இருக்கக் கூடாது, காலடியில இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். பயிர் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பது விவசாயியின் கண். மண் எங்கே புதுசாகப் பெயர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எலி பிடிக்கிறவர் கண். இரண்டும் ஒருவருக்கே வாய்க்க நாளாகும்.

குற்றால மலையில் விழும் தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு வருகிறது. ஆனியில் சாரல் பிடித்து அருவிகளில் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் வெளியூர்க்காரர்கள் குளிக்க வருகிறார்கள். நாங்கள் தொழியடித்து நடுவைக்கு இறங்குகிறோம். அது கார். புரட்டாசி, ஐப்பசியில் அடைமழையை நம்பி வைப்பது பிசானம். மாசி, பங்குனியில் அறுப்பு. இருபூ விளையும் மண் என்பதால் எலிக்கும் இரண்டு பூ. கார் அறுத்த தாள் மக்குவதற்குள் பிசான நாற்று பச்சை கட்டிவிடுகிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 குண்டு நெல்லை இன்னமும் எங்கள் பக்கம் விரும்பிப் போடுகிறார்கள். 110 முதல் 115 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். அந்த நாட்களில் எந்த வாரம் எலிக்கு என்ன தேவைப்படும், அது எங்கே படுக்கும், எங்கே குட்டி போடும் என்பதைத் தாத்தா பஞ்சாங்கம் போல வைத்திருப்பார்.

வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின், குத்தகைக்கு எடுத்த வயலை நான்தான் பார்க்கிறேன். கிட்டி வைக்க முன்பெல்லாம் ஆள் வருவார்கள். விழுந்த எலியை எண்ணிக் கூலி. இப்போது அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அருகிவிட்டது. தாத்தாவுக்கும் குனிந்து நிமிர முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடக் கூடாது என்று எனக்குப் பட்டது. பொம்பளைப் பிள்ளை எலி பிடிப்பதா என்று இரண்டு பேர் பேசினார்கள். வட மாவட்டங்களில் இருளர் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை இது என்று தாத்தாவே அவர்களுக்குச் சொன்னார்.

முதலில் படித்தது யாருடைய வங்கு, அதாவது பொந்து, எது என்பது. எங்கள் வயலில் பெரிய திருடன் வரப்பெலி. குட்டையான முகம், கறுத்த முதுகு, பிடித்தால் சீறும். வரப்பைக் குடைந்து மண்ணை வெளியே தள்ளி வாய்க்கு முன்னால் குவித்து வைக்கும். பகலில் அந்த வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆகவே வரப்பெலியைத் தேடுகிறவர் ஓட்டையைத் தேடக் கூடாது, மண் குவியலைத் தேட வேண்டும். குவியல் ஈரமாக, கறுப்பாக, உருண்டை உருண்டையாக இருந்தால் நேற்று ராத்திரி தள்ளியது. மேலே வெளுத்துப் பொருக்குத் தட்டியிருந்தால் பழசு.

வெள்ளெலி வேறு சாதி. அது தண்ணீர் தேங்கும் இடத்துக்கு வராது. சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரைப் பக்கம் செம்மண் மேட்டில் சூரியகாந்தியும் கடலையும் போட்டிருக்கும் காட்டில்தான் அதிகம். நீண்ட வால், நுனியில் குஞ்சம், பெரிய கண், பின்னங்காலால் துள்ளி ஓடும். அதன் வாய் திறந்தே கிடக்கும். ஆனால் திறந்து கிடக்கும் வாயைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தால் எலி போய்விடும். எங்கோ நாலு முழம் தள்ளி மண்ணுக்கு விரற்கடை கீழே வரை ஒரு தப்பு வழியைத் தோண்டி, மேலே மெல்லிசாக மண்ணை விட்டு வைத்திருக்கும். இடைஞ்சல் வந்தால் அதைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு பாயும். அந்தத் தப்பு வழி இருக்கும் இடத்தை உள்ளங்காலால்தான் கண்டுபிடிக்க முடியும். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக மிதித்துப் போனால் அந்த இடத்தில் மட்டும் தரை லேசாக அமுங்கும். இதைத் தாத்தா சொல்லித் தரவில்லை. என் காலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

இவை போக வயல் சுண்டெலி, புல்லெலி எல்லாம் உண்டு. அவற்றின் வங்கு ஆழமில்லாதது. களிமண் வெடிப்பிலேயே புல்லெலி குடியிருந்துவிடும். புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது நண்டு வளை. நண்டு தள்ளும் மண் சேறாக, ஈரமாக வாயைச் சுற்றி நிற்கும். உள்ளே கையளவு தூரத்தில் தண்ணீர் பளபளக்கும். நண்டு வளையை நோண்டினால் வரப்பு ஓட்டையாகி மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். அதனால் எலி பிடிக்க வருகிறவர் எங்கே தோண்டக் கூடாது என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வங்கில் ஆள் இருக்கிறது, எது காலி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இதைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் இருக்கும் அத்தனை வாயையும் ஒரு கை மண் வைத்து அடைத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது, மூடினால் போதும். மறுநாள் விடியற்காலம், மாடு மேய்க்கிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடமாடுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தால், குடியிருக்கும் வங்கு மட்டும் திறந்திருக்கும், இல்லையென்றால் வாய்க்கு முன்னால் புது மண் தள்ளியிருக்கும். அந்த இடத்தில் ஒரு பனையோலைக் கீற்றைச் செருகிக்கொண்டே வந்தால், வரப்பு முடியும்போது எத்தனை குடும்பம், எந்தப் பக்கம் நெரிசல் என்று தெரிந்துவிடும். வேளாண்மைக் கல்லூரிக்காரர்கள் எலித் தொல்லையைக் கணக்கெடுப்பதும் இதே முறையில்தான். தாத்தா கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சிலந்தி வலை கட்டிய வாய், உள்ளே காய்ந்த சருகு கிடக்கும் வாய், இவற்றை அடைத்துப் பார்க்கவே வேண்டாம்.

எலி வெட்டிய தூரைப் பார்த்ததும் மற்ற சேதத்திலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டு சாய்வாக அறுபட்டிருக்கும், அரிவாளால் சீவியது போல. புழு தாக்கிய நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். எலி வெட்டியது கீழேயே கிடக்கும். எலி தின்பதைவிட வெட்டிப் போடுவது அதிகம். அதன் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, தேய்க்காவிட்டால் அதற்கே ஆபத்து. பெரும்பாலும் வரப்போரத்தில் தொடங்காமல் வயலின் நடுவில் வட்டமாக வெட்டும். வரப்பிலிருந்து பார்த்தால் பயிர் நிமிர்ந்தே தெரியும். உள்ளே இறங்கினால்தான் நடுவில் மொட்டையாக இருப்பது புலப்படும்.

காலம்தான் முக்கியம். நெல் பொதி கட்டும்போது தண்டுக்குள் இனிப்பு ஏறுகிறது, எலி சினைக்கு வருகிறது. சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். அப்படியானால் பொதியில் சினையான எலியின் குட்டிகள் கதிர் முற்றும் நேரத்தில் வங்கை விட்டு வெளியே வருகின்றன. ஒரு ஈற்றுக்கு ஆறு, ஏழு சாதாரணம். ஆகவே நடுவை முடிந்து பொதி கட்டுவதற்கு முன்னால் ஒரு எலியைப் பிடிப்பதும், கதிர் சாய்ந்தபின் பத்து எலியைப் பிடிப்பதும் ஒன்றுதான். ஆனால் ஊரில் கிட்டி தேடி ஓடுவது பெரும்பாலும் கதிர் சாய்ந்த பிறகு. அப்போது இன்னொரு இடைஞ்சலும் சேர்ந்துகொள்கிறது. வயல் முழுக்க நெல் தொங்கும்போது கிட்டியில் வைக்கிற அரிசி மாவை எந்த எலி சீண்டும்? பச்சைப் பயிர்க் காலத்தில் தானிய இரைக்கு எலி தவித்துக்கொண்டு வரும். முற்றிய பிறகு கருவாடு, சுட்ட தேங்காய் என்று வயலில் கிடைக்காததைத் தேடி வைத்தாக வேண்டும்.

வங்குக்குள் இருக்கும் பிராணியைப் பிடிக்க வெளிநாடுகளில் இன்னொரு பிராணியைப் பழக்கி உள்ளே அனுப்புகிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐரோப்பாவில் ஃபெரட் என்று ஒன்று வளர்க்கிறார்கள். கீரியைவிட மெலிந்த, நீள உடம்புக்காரப் பிராணி. முயல் வங்கின் வாய்களில் எல்லாம் சிறு சுருக்கு வலை விரித்துவிட்டு ஒரு வாய் வழியாக அதை உள்ளே விடுவார்கள். முயல் பயந்து வெளியே பாய்ந்து வலையில் விழும். ரோமாபுரி எழுத்தாளர் பிளினி சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார். ஸ்பெயினை அடுத்த பலேரிக் தீவுகளில் முயல் பெருகி விளைச்சலை அழித்தபோது, அந்த ஊர்க்காரர்கள் அகஸ்டஸ் பேரரசரிடம் பட்டாளத்தையே உதவிக்குக் கேட்டார்கள் என்கிறார்.

நம் காட்டு முயலிடம் இந்த வித்தை நடக்காது. அது வங்கு தோண்டுவதில்லை. புல்லுக்குள் உடம்பு அளவுக்குப் படுக்கை அமைத்துக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் கிடக்கும். ஆள் மிதிக்கும் தூரத்துக்கு வந்தால்தான் எழுந்து ஓடும். அதனால்தான் சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் பக்கம் முயலுக்கு ஓட்டத்தில் மிஞ்சிய நாயை வளர்த்தார்கள். கன்னியும் சிப்பிப்பாறையும் அப்படி வந்த சாதிகள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அது நியாயமான சட்டம் என்றுதான் நினைக்கிறேன். முன்பு அறுப்புக் காலத்தில் கண்ணில் படும் முயல் இப்போது படுவதே அபூர்வம். நாய் வளர்க்கிறவர் வளர்க்கட்டும், ஓட விடட்டும். முயலை விட்டுவிட வேண்டும். வயலில் பயிரை அழிக்கும் எலி கதை வேறு. அதைப் பிடிக்கச் சொல்லி வேளாண் துறையே ஊர் ஊராகச் சொல்கிறது.

ஆனாலும் ஃபெரட்டுக்காரர்கள் சொல்லும் ஒழுங்கு எங்கள் வேலைக்கும் பொருந்துகிறது. எல்லா வாயையும் கண்டுபிடிக்காமல் எதையும் தொடங்காதே. தரை அதிர நடக்காதே. காற்றுக்கு எதிரே நில். பேசாதே. இதே நாலையும் தாத்தா தம் நாய்க்கும் எனக்கும் சேர்த்தே பழக்கினார்.

அந்தப் பெட்டை நாய் சாதாரண நாட்டு நாய்தான், செம்பழுப்பு. குட்டியாக இருக்கும்போதே வரப்புக்குக் கூட்டி வந்து, புது மண் குவியலில் மூக்கை வைத்து நின்றால் தட்டிக்கொடுத்து, பழைய வங்கில் நின்றால் கண்டுகொள்ளாமல் நடந்து போவாராம். அதட்டியதே இல்லை. இப்போது அது ஆள் இருக்கும் வாயில் நின்று தலையை ஒருக்களித்துக் கேட்கும். உள்ளே எலி அசைந்தால் வால் நுனி மட்டும் ஆடும். குரைக்காது, குரைக்கிற நாய் வங்கு வேலைக்கு உதவாது. உள்ளே பாம்பு இருந்தால் இரண்டடி பின்வாங்கி நின்று பிடரி சிலிர்க்கும். அதைப் பார்த்ததும் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விட வேண்டும். நாயை ஏவக் கூடாது, கம்பால் குத்தவும் கூடாது. அந்த வங்கில் எலியைப் பாம்பே பார்த்துக்கொள்ளும்.

நாய் வைத்துப் பழகுகிறவர்கள் மறக்கக் கூடாத காரியங்கள் உண்டு. வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் வேண்டும்; எலிக்காய்ச்சலுக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். பிடித்த எலியைத் தின்ன விடக் கூடாது. பக்கத்து வயலில் யார் என்ன விஷம் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? எலி அகப்பட்டதும் அதை வாங்கிக்கொண்டு கையிலிருக்கும் ஒரு துண்டு கருவாட்டைக் கொடுப்பார் தாத்தா. அந்தக் கருவாட்டுக்காகத்தான் அது எலியை விட்டுக்கொடுக்கிறது.

வங்கு வெட்டுவது இப்படி. குடியிருக்கும் வங்கின் வாய்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மண்ணால் அழுத்தி அடைக்க வேண்டும். தப்பு வழி இருக்கும் இடத்தில் நாய் நிற்கும், அல்லது ஒருவர் வலையோடு உட்கார்ந்திருப்பார். திறந்த வாய் வழியாகப் புகை போகும். பழைய முறையில், அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயை வங்கோடு சேர்த்து வைத்து, துளை வழியாக ஊதுவார்கள். இருளர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஊதுகிறவர் நெஞ்சுக்குள்ளேயே பாதிப் புகை போய்விடும், கையும் உதடும் சுடும். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்காகக் கைப்பிடி சுழற்றிக் காற்று தள்ளும் இரும்புப் புகைக்கருவி செய்து கொடுக்கப்பட்டது. நாங்கள் கொல்லன் பட்டறைத் துருத்தி ஒன்றை வாங்கித் தகர டப்பாவோடு பொருத்தியிருக்கிறோம். பச்சை வேப்பிலை நாலு போட்டால் புகை கனமாக, தணிந்து போகும். எங்கெங்கு மெல்லிய புகை நூலாக எழுகிறதோ அங்கெல்லாம் நாம் பார்க்காத வாய் இருக்கிறது என்று பொருள். எலி அகப்படாவிட்டாலும் வங்கின் படம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைப் போல ஒரு பாடம் கிடையாது.

அறுப்புக்குப் பக்கத்தில் வரப்பெலி வங்கை வெட்டினால் உள்ளே தானிய அறை இருக்கும். முதல்முறை பார்த்தபோது நான் வாயடைத்து நின்றேன். கதிர்களைக் காம்போடு வெட்டி, ஒரே பக்கமாகத் தலை வைத்து, நெருக்கி அடுக்கியிருந்தது. மண் ஒட்டவில்லை. பக்கத்தில் இன்னொரு அறையில் கிழித்த வைக்கோல் மெத்தை, அதில் கண் திறக்காத குட்டிகள். இந்தத் தொழிலில் மனசு கனக்கும் இடம் அது. குட்டியை வெயிலில் எறிந்துவிட்டு வருகிறவர்களைத் தாத்தா பக்கத்தில் சேர்ப்பதில்லை. கொல்ல வேண்டுமென்றால் அந்த நொடியே முடித்துவிட வேண்டும், துடிக்க விடக் கூடாது என்பார். அந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டு போவதும் இல்லை. எலி மூத்திரம் பட்டது. முந்தைய தலைமுறையில் கூலிக்காரக் குடும்பங்கள் அதைக் கழுவிக் காயவைத்துப் புழுக்கிச் சாப்பிட்டிருக்கின்றன. பஞ்சத்தில் எலி வங்கு எத்தனையோ வயிற்றை நிறைத்திருக்கிறது.

இனி கிட்டி. வேளாண் துறைப் புத்தகத்தில் தஞ்சாவூர்க் கிட்டி என்று போட்டிருக்கும். காவிரிப் பாசனத்தில் ஆயிரக்கணக்கில் வைக்கிறார்கள். கல்மூங்கிலில் பிளந்த பட்டையை வில்லாக வளைத்து, முறுக்குக் கயிறு கட்டி, நடுவில் இரை செருகும் குச்சியை நிறுத்தியிருப்பார்கள். எலி இரையைக் கடித்து இழுத்தால் குச்சி நழுவும், வில் நிமிரும், கயிறு கழுத்தைச் சட்டத்தோடு இறுக்கிவிடும். இரும்பு கிடையாது, ஆணி கிடையாது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். பச்சை மூங்கிலில் செய்தால் வில் இரண்டே வாரத்தில் சோர்ந்து போகும். பிளந்த பட்டையை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி போட்டு வைத்து, பிறகு அனலில் வாட்டி வளைக்க வேண்டும். கணு வில்லின் நடுவில் வரக் கூடாது; வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தாத்தா விரல் நகத்தால் பட்டையைச் சுண்டி ஓசை கேட்பார். அந்த ஓசை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் நான் வளைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

எந்தக் குச்சியில் வேண்டுமானாலும் இரை வைக்கலாம். ஆனால் குச்சி சிக்கிக்கொள்ளும் பள்ளத்தின் ஆழம் அரிசி முனையளவு கூடினாலும் சுண்டெலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும்; குறைந்தாலோ காற்றுக்கே விழுந்துவிடும். சாரல் காலத்தில் இது பெரிய தலைவலி. மூங்கில் ஈரம் குடித்து ஊதி, பகலில் சரியாக இருந்தது ராத்திரியில் இறுகிவிடும். அதனால் காரில் பள்ளத்தைச் சற்று மேலாகச் சீவ வேண்டும், பிசானத்தில் பனி இறங்கும் மார்கழியில் இன்னும் மேலாக. இதற்கென்றே தாத்தா இரண்டு கட்டுக் கிட்டி தனித்தனியாக வைத்திருக்கிறார்.

இரைக்கு வறுத்த அரிசி மாவில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த உருண்டை. பிசைவதற்கு முன் கையை வயல் சேற்றில் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வாசம் வேண்டாம். வங்கு வாயிலேயே வைக்கக் கூடாது. எலி நடந்து நடந்து புல் படிந்திருக்கும் தடத்தில், வாயிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வில் தடத்துக்குக் குறுக்கே இருக்கும்படி வைக்க வேண்டும். வரப்பெலி புதுப் பொருளைக் கண்டால் முதல் ராத்திரி கிட்டே வராது. ஆகவே முதல் ராத்திரி கிட்டியைப் பூட்டாமல் இரையை மட்டும் வைத்துவிட்டு வர வேண்டும். சிலநேரம் இரண்டு ராத்திரி. இரை தின்னப்பட்டிருந்தால் அடுத்த ராத்திரி பூட்டலாம். பூட்டிய ஒவ்வொரு கிட்டிக்கும் பக்கத்தில் அடையாளக் குச்சி நட்டு, விடியும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்த கிட்டியில் அடுத்து மைனாவோ கீரியோ குழந்தை விரலோ அகப்படும்.

விஷத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் எல்லோரும் கடைசியில் அங்கேதான் போகிறார்கள். ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரையைத் தின்று ஒரு எலி நோய்ப்பட்டுப் பிழைத்துவிட்டால், அந்த வாசத்தை அது அப்புறம் தொடாது. புரோமடியோலோன் கட்டி மெதுவாகக் கொல்லும். சாகும் தறுவாயில் தள்ளாடும் எலியை ஆந்தை தூக்கிப் போகும், ஆந்தைக்குள்ளும் அந்த விஷம் போகும். கூகையின் சாப்பாட்டில் பெரும்பகுதி எலிதான். கோயில் கோபுரங்களிலும் பழைய கட்டடங்களிலும் ஒண்டிக் கிடந்து, இருட்டியதும் வயலுக்கு இறங்கும் அந்தப் பறவையைச் சாக்குருவி என்று கல்லால் அடிக்கிறார்கள். நான் பார்க்கும் வயலில் பனமட்டையில் குறுக்குக் கட்டை கட்டி ஆந்தை உட்காரத் தாங்கிகள் நட்டிருக்கிறேன். காலையில் தாங்கிக்கு அடியில் எலி மயிரும் எலும்புமாகக் கக்கிய உருண்டை கிடக்கும். உடைத்துப் பார்த்தால் சுண்டெலி மண்டையோடு முழுசாக இருக்கும்.

உடம்பைப் பாதுகாத்துக்கொள்ளாமல் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் வெடிப்பு வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தப்பு வழி தேட மட்டும், காய்ந்த மேட்டில், புண்ணில்லாத காலோடு செருப்பைக் கழற்றலாம். காய்ச்சலோடு கெண்டைக்காலில் வலியும் கண் சிவப்பும் இருந்தால் ஆஸ்பத்திரியில் 'எலி பிடிக்கிற வேலை செய்கிறேன்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். வங்குக்குள் கை விடுவது என்பது எக்காலத்திலும் கிடையாது. நாகமும் கண்ணாடி விரியனும் எலியைத் தேடி அங்கேதான் போகின்றன. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு. அந்த மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுத்து வருவது 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். எலி வங்கை மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எத்தனை கிட்டி வைத்தாலும் என் வரப்பை மட்டும் துப்புரவாக்கிப் பயனில்லை. பக்கத்து வயலிலிருந்து காலி வங்குக்கு ஒரே வாரத்தில் புதுக் குடி வந்துவிடும். ஊரே சேர்ந்து ஒரே சாயங்காலம் வாய் அடைத்து, ஒரே காலை பார்த்து, ஒரே ராத்திரி கிட்டி பூட்டினால்தான் எலிக்குப் போக்கிடம் இருக்காது. அதோடு வரப்பையும் ஒல்லியாக்க வேண்டும். 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதும் என்கிறது வேளாண் துறை. அதற்குள் வரப்பெலியால் அறை எடுக்க முடியாது. எங்கள் பக்கம் பல வரப்புகள் மாட்டுவண்டி போகும் அகலத்தில் இருக்கின்றன. வரப்பு வெட்டினால் எல்லைத் தகராறு வரும் என்று பயந்து யாரும் தொடுவதில்லை. அளவுக்கல்லைச் சாட்சியாக வைத்து இரு தரப்பும் சேர்ந்து நின்று சீவினால் எந்தத் தகராறும் வராது. போன பிசானத்தில் மேல் வயல் அண்ணாச்சியோடு அப்படித்தான் செய்தோம்.

இந்த ஆண்டு மடையடி வயல்காரர்கள் எல்லோரும், பெரியவர் சிறியவர் என்றில்லாமல், நடுவை முடிந்து பயிர் பச்சை கட்டியதும் ஒன்றாக வாய் அடைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா கட்டிலில் உட்கார்ந்தபடியே கிட்டிகளுக்கு முறுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறார். மூங்கில் பட்டை பரணில் காய்கிறது. கடைசி வரை தீராமல் இருந்தது ஆந்தைத் தாங்கி. கதிர் பால் பிடித்ததும் பகலில் அதில் கிளியும் குருவியும் உட்கார்ந்து நெல்லைக் கொறிக்கும், ஆகவே காலையில் பிடுங்கி, இருட்டும் முன் மறுபடி நட வேண்டும். அதற்கு ஆள் யார் என்பதில் இழுபறியாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு பையன்கள் சாயங்காலம் நடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பிடுங்குவது என் பொறுப்பு.